விளையாட்டென்றால் வினவக் கூடாதோ?

கணினி விளையாட்டைப் பற்றி அரசியல் ஏட்டில் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும்!

2007ஆம் ஆண்டு ஜப்பானியக் கம்பனியான காப்காம், 'ரெசிடென்ட் ஈவில் 5' என்னும் விளையாட்டின் முன்னோட்டத்தை வெளியிட்டது. ஆபிரிக்காவிலே ஒரு கற்பனை ஊர். வெறிகொண்டு பாயும் கறுப்பின மக்கள். அவர்களைச் சுட்டு வீழ்த்தும் வெள்ளை அமெரிக்கன். இத்தகைய சித்திரிப்புகளுக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டே என 2008இல் சுட்டிக்காட்டினார் 'நியூஸ்வீக்' எழுத்தாளர் என்கய் குரோல். அவர் விளையாட்டுகளின் பகைவரல்லர். அவற்றைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்.

கிளம்பிற்று கூக்குரல்! "முந்திய ஆட்டத்தில் ஸ்பானிய மொழி பேசும் கிராமத்தாரைக் கொன்றபோது எங்கே போனீர்?" என்றனர். ஸ்பானிய உழவனை மனிதனே அல்லன் என்று கூறி, விலங்கிட்டு, அத்திலாந்திக்கைக் கடத்தியா விற்றார்கள்? "ஆபிரிக்காவில் கறுப்பரன்றி வேறு யார் இருப்பர்?" என்றனர். நன்று. 2009இல் வெளிவந்த ஆட்டத்தில் புல்லாடையும் முகமூடியும் ஈட்டியுமாக ஒரு கூட்டம் வந்ததே, அதுதான் இன்றைய ஆபிரிக்காவோ?

"வெறும் விளையாட்டுத்தானே" என்பதே இவர்களது இறுதிக் கேடயம். நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் போலவே இவ்விளையாட்டுகளுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டென 2011இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆர்ப்பரித்தவர்கள் யார்? இதே விளையாட்டு அன்பர்களன்றோ! உரிமை கோருங்கால் கலை, கேள்வி எழுங்கால் பொம்மையா?

கறுப்பின வீராங்கனை ஒருத்தியைத் துணையாகச் சேர்த்துள்ளனரே என்பாரும் உளர். சேர்த்தனர், மெய்தான். ஈட்டியேந்திய கூட்டத்தை அகற்றினார்களா?