பழைய பெட்டியும் புதிய டிஸ்கும்

"பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதா?" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள். ஆளுக்கு இரண்டு செல்போன் வைத்திருப்பவர்கள். எங்கள் பரமத்தி வேலூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஏதோ ஒரு பள்ளிக்கூடம் எடைக்குப் போட்ட பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரை மீட்டு வந்து, அதற்கு ஹார்ட் டிஸ்க் இணைக்கிறார். ஊருக்கு அவர் மேல் கேலி. எனக்கு ஊரின் மேல் கோபம்.

அந்தப் பெட்டி அநாதையல்ல. இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி 1981-இல் வெளியிட்டது. 1984-இல் நம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த யந்திரம் அதுதான். முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குப் போயிற்று. பிள்ளைகள் எழுதிய புரோகிராம்களும் ஆசிரியர்கள் தயாரித்த பாடங்களும் பிளாப்பி என்ற மெல்லிய காந்தத் தட்டுகளில் ஏறின. இந்த நாட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கிறுக்கிய அரிச்சுவடி அது!

அந்தத் தட்டுகளில் இப்போது பூஞ்சை பிடிக்கிறது. காந்தப் பூச்சு உதிர்கிறது. இன்றைய லாப்டாப்பில் அவற்றை நுழைக்க வழியே இல்லை. பழைய பெட்டிக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அதன் நினைவு வெறும் 32 கிலோபைட். படித்ததை எங்கே வைக்கும்? அதற்குத்தான் ஐயா, ஹார்ட் டிஸ்க்.

"பழமையைக் கெடுக்கிறாரே!" என்று சில ரசிகர்கள் பதறுகிறார்கள். வீண் பதற்றம். பெட்டியின் அடியில் '1 மெகாஹெர்ட்ஸ் பஸ்' என்ற இணைப்பை வைத்தவர்கள் அதைச் செய்தவர்களே. 10, 30 மெகாபைட் டிஸ்குகளை அவர்களே விற்றார்கள். சிறிய பிளாப்பி ஒன்று 100 கிலோபைட் கொள்ளும். 10 மெகாபைட்டில் அப்படி நூறு அடங்கும். அந்நாளைய டிஸ்குகள் தேய்ந்துவிட்டதால், அதே இணைப்பில் ஒரு சிறு பலகையையும் மெமரி கார்டையும் மாட்டுகிறார்கள். கார்டைக் கழற்றி இன்றைய கம்ப்யூட்டரில் செருகிப் பிரதியும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி உயர்ந்து சோர்ந்தால், அதை இறக்கி மண்ணில் பதித்து, நுனியை மறுபடி அகத்தியில் ஏற்றிக் கட்டுவார்கள். வெற்றிலை போலியாகிவிட்டது என்று யாராவது சொன்னதுண்டா?

இன்னொரு கட்சி: "செல்போனிலேயே அந்தப் பெட்டியைப்போல் நடிக்கும் புரோகிராம் இருக்கிறதே!" இருக்கட்டும். நடிகர் மேடைக்கு வந்துவிட்டார், வசனம் எங்கே? அது பீரோவில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதை முதலில் வெளியே எடுக்க வேண்டாமா?

ஆடிப் பெருக்கன்று ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்ட கொடுமையை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்தார். அதைப் படித்து நாம் உச்சுக் கொட்டுகிறோம். அன்று விட்டவர்களும் கெட்டவர்களல்லர்; ஏட்டில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள், இடத்தை அடைக்கிறதே என்று நினைத்தவர்கள். நாமோ படிக்கும் யந்திரத்தையே ஏட்டோடு சேர்த்துக் காயலான் கடைக்கு அனுப்புகிறோம்.

பள்ளிக்கூடத்துப் பெரியவர்களே, பழைய பீரோவின் சாவியைத் தேடுங்கள். எடைக்குப் போடுமுன் அந்தத் தட்டுகளில் உள்ளதைப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வேண்டுமானால் எங்கள் ஆசிரியரைப் பார்த்துச் சிரியுங்கள்.