கொட்டகையில் உறங்கும் வண்டிக்கும் வரியோ?

தோழா!

திருமயம் கோட்டைமீது ஏறி நின்றிருக்கிறாயா? 1687இல் சேதுபதி எழுப்பிய கோட்டை. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் பறந்தோடும் ஊர்திகள் தெரியும். ஓடாத ஊர்திகள் தெரியமாட்டா! அவை ஊருக்குள்ளே, கீற்றுக் கொட்டகையிலே, சக்கரம் மண்ணில் புதைய, கோழி குஞ்சு பொரிக்கும் கூடாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு உடையவன் எங்கே? துபாயில் சுடுமணலிலே, சிங்கப்பூரில் சாரத்தின் மேலே!

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே காட்சியாகவே வைக்கிறேன். கடன்பட்டு ஒற்றை லாரி வாங்கினான் ஒருவன். கடன் கழுத்தை நெரித்தது. லாரியைக் கொட்டகையில் விட்டுக் கடல் கடந்தான். மூன்றாண்டு உழைத்தான், மீண்டான். வண்டியைத் துடைத்தெடுத்து ஓட்டலாமென்று அலுவலகம் சென்றான்.

“ஐயா, வண்டி ஓடவேயில்லை!”

“ஓடாதென்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தீரா?”

“எழுதவேண்டுமென்று எவரும் சொல்லவில்லையே!”

“அப்படியானால் பன்னிரண்டு காலாண்டு வரி. அதன்மேல் அபராதம்.”

திரை விழவில்லை தோழா; அவன்தான் விழுந்தான்!

இதே மண்ணை ஆண்ட புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவிலே மோலி பிங்க் என்னும் நங்கையை மணந்தார். வெள்ளை ஏகாதிபத்தியம் அவளை அரசியென ஏற்க மறுத்தது. மன்னர் அயல்நாட்டிலேயே வாழ்ந்து, 1928இல் பாரிசிலே மறைந்தார். காதலுக்காகக் கடல் கடந்தவரை நான் பழிக்கமாட்டேன். நாடகக்காரனுக்கு அக்கதை கரும்பு! ஆனால், மன்னர் அங்கிருந்தபோது சமஸ்தானத்துப் பணம் அவரைத் தேடிச் சென்றது. நம் உழைப்பாளி அங்கிருந்தால், அவன் பணம் இங்கே வருகிறது. அவன் முதுகுக்குப் பின்னே பாக்கியும் வளர்கிறது.

வரியே கூடாதென்கிறேனா? இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 57ஆவது இனம், சாலையில் ஓடத்தக்க ஊர்திகள் மீது வரி விதிக்கும் உரிமையை மாநிலத்துக்கு வழங்கியிருக்கிறது. அவ்வுரிமை நம்முடையது, ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கலாகாது. சாலையைத் தேய்ப்பவன் சாலைக்குத் தரட்டும். தேய்க்காதவன் தருவது எதற்கு? 2025 ஆகஸ்ட் 29இல் உச்ச நீதிமன்றம் கூறியது கேள்: விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள்ளேயே ஓடிய ஊர்திகள் பொதுச் சாலையைத் தீண்டாத காலத்துக்கு வரி செலுத்த வேண்டியதில்லை.

உடனே துள்ளிக் குதிக்காதே! ஆந்திரச் சட்டத்தில் ‘பொது இடத்தில்’ என்ற சொல் இருக்கிறது. அச்சொல்தான் அந்த நிறுவனத்தைக் காத்தது. நம் 1974ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநிலத்தில் பயன்படுத்தும் ஊர்தி மட்டுமன்று, பயன்படுத்த வைத்திருக்கும் ஊர்தியும் வரிக்குரியது என்கிறது. கொட்டகையில் கிடப்பது ‘வைத்திருப்பது’ ஆகிவிடுகிறது!

அதிகாரி பக்கமும் ஒரு நியாயம் உண்டு; மறைப்பது மேடைக்கு அழகாகலாம், உண்மைக்கு அழகன்று. அண்ணன் அரபு நாட்டிலிருக்க, தம்பி இரவோடிரவாக லாரி ஓட்டினால் யார் கண்டது? கடவுச்சீட்டு ஆளுக்குச் சாட்சி, வண்டிக்குச் சாட்சியன்று. ஆகவேதான் முன்னறிவிப்பு கேட்கிறார்கள். லாரிக்காரர் வாயில் அதற்கு ‘ஸ்டாப்பேஜ்’ என்று பெயர். சரி, ஆனால் காப்பீடு காலாவதியாகி, தகுதிச் சான்று முடிந்து, மூன்றாண்டு துருப்பிடித்த வண்டி பேசும் சாட்சியல்லவா? பின்னர் கொணரும் சான்றையும் ஆய்ந்து பாக்கியைத் தள்ளும் அதிகாரத்தை விதியிலே எழுதிவைத்தால் கருவூலம் கவிழ்ந்துவிடாது. இதை நம் ஆட்சியென்றாலும் கேட்பேன், அவர் ஆட்சியென்றாலும் கேட்பேன்.

மோட்டார் சைக்கிள்காரன் சிரிக்கவேண்டாம். ஆயுள்கால வரி கட்டியாகிவிட்டது, உண்மை. பதிவின் ஆயுளோ 15 ஆண்டு. அது முடிந்தபின் புதுப்பிக்கத் தவறினால், 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசு விதிப்படி மாதம் 300 ரூபாய் தாமதக் கட்டணம், காருக்கு 500. மூன்றாண்டுக்கு 10,800! அந்தப் பழைய வண்டியை விற்றாலும் அத்தனை தேறுமா? மேலும் 15 ஆண்டு கடந்ததற்குப் பசுமை வரி தனி.

உன் தெருவில் விசா வந்துவிட்டதென்று இனிப்பு வழங்குகிறான் ஒருவன். மாலையோடு வழியனுப்பச் செல்வாய். நிறுத்த அறிவிப்பு விண்ணப்பத்தையும் எடுத்துப் போ. லாரியோ வேனோ உண்டா என்று கேள். அவன் பெட்டி கட்டுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கு. காலாண்டு பிறப்பதற்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கு. அந்த ஒப்புதல் சீட்டு, கொட்டகைச் சாவியோடு அவன் தாயாரிடம் இருக்கட்டும்.