"வேணும்னே இடிச்சான் மிஸ்"

இரத்தோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பத்தாந்தரப் பையன் ஒருவன், வகுப்புத் தோழனின் மூக்கை உடைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். "வேணும்னே இடிச்சான் மிஸ்" என்றான். பஸ் திரும்பும் அந்த வளைவுகளில் எல்லோரும்தான் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறோம். அவனுக்கு அது அவமானமாகப் பட்டிருக்கிறது.

மாத்தளையில் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். கைக்கு முன்னால் எண்ணம்தான் ஓங்குகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980இல் இதைச் சோதித்தார். சிறுவர்கள் அடுக்கிய புதிர்ப்படம் கலைந்துபோனது. வேண்டுமென்றேயா, தவறுதலாகவா என்று தெரியாத நிலையில், சண்டைக்காரப் பிள்ளைகள் வேண்டுமென்றே கலைத்ததாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கடுமையாக அடிபட்ட பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் கூடுதல் என்று 1990இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள்.

தோட்டத்து லயத்திலும் அடி, பள்ளியிலும் பிரம்பு. அடுத்தது எங்கிருந்து விழும் என்று பார்த்தே வளர்ந்தவன் பஸ் குலுங்கினாலும் எதிரியைத்தான் தேடுவான்.

அதே எண்ணம் சில பிள்ளைகளிடம் உள்பக்கம் திரும்புகிறது. ஒரு கணக்குப் பிழைத்தால் "எனக்கெல்லாம் ஓஎல் பரீட்சை சரிவராது" என்று முடிவுகட்டிச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பவள் இருக்கிறாள். அவள் சத்தம் போடாததால் யாரும் அவளை என்னிடம் அனுப்புவதில்லை.

கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பிரம்பைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இருந்தும் "நாலு போட்டாத்தான் திருந்துவான்" என்கிற பேச்சு ஆசிரியர் அறைகளில் ஓயவில்லை. அது தவறு. அடித்தால், எல்லோரும் எதிரிகள் என்கிற பிள்ளையின் சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொல்கிறோம்.

மூக்கை உடைத்த அந்தப் பையனிடம் "வேற என்னவா இருந்திருக்கலாம்?" என்று கேட்டேன். வெகுநேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, "ட்ரைவர் பிரேக் அடிச்சிருப்பாரு" என்றான். இப்படி யோசிப்பது கேட்டுக் கேட்டுத்தான் பழக்கமாகும். ஆனால், ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீட்டில், அம்மா கொழும்பில் வேலைக்கு நிற்கையில், பிள்ளையின் யோசனையை மட்டும் திருத்தச் சொல்வது நியாயமில்லை.

அதிபர்களே, ஆலோசனை ஆசிரியர்களை, வராத ஆசிரியருக்குப் பதிலாக ரிலீஃப் பாடவேளைக்கு அனுப்பாதீர்கள். பெற்றோரே, பிள்ளை சில நாளாகப் பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் மனநல உதவி எண் 1926க்கு அழைத்து உதவி கேளுங்கள்.