உரிமம் வீட்டில், துப்பாக்கி ஸ்டேஷனில்

தேர்தல் தேதி அறிவித்ததுமே உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். எங்கள் சேவுகம்பட்டிப் பேரூராட்சிக்காரர் ஸ்டேஷனில் ரசீது வாங்கி மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வங்கிக் காவலாளிக்கும் போட்டிக்குச் செல்லும் துப்பாக்கி வீரருக்கும் விலக்கு உண்டு. பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கு? 1959 ஆயுதச் சட்டமே அந்தத் தேவையை ஏற்கிறது. குடகில் கொடவர்களுக்கோ 2029 வரை உரிமமே வேண்டாம்.

ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவர வழக்கில் சிக்கியவர் யார் என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கவே தேர்தல் ஆணையம் பரிசீலனைக் குழு வைக்கச் சொன்னது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பரிசீலனை ஆகாது. மதுரை நகரில் உரிமம் தருபவர் போலீஸ் கமிஷனர், இங்கே ஆட்சியர். விலக்குக் கோரும் வழியைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்ட அவர் உத்தரவிடட்டும்.