எழுவாயாக வேண்டிய உலை

'நுண்ணுயிரி உலையில் தாதுவைச் சிதைக்கிறது' என்னும் தொடரில் எழுவாய் நுண்ணுயிரி. உலை வெறும் ஏழாம் வேற்றுமை. மொழியியல் படித்த கண்ணுக்கு இது உறுத்துகிறது, ஏனெனில் நம் ஆய்வேடுகளும் இவ்வாறே எழுதப்படுகின்றன.

தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986 முதல் இம்முறை இயங்குகிறது. வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டி நிலைக்க வேண்டும். சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமோ ஓயாது வெப்பம் உமிழும். கலக்கியை விரைவுபடுத்தினால் ஆக்சிஜன் நன்கு கரையும். ஆனால் தாதுத் துகள்கள் உராய்ந்து உயிரணுக்கள் சிதையும். உண்மையான சிக்கல் இங்கேதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. ஏ. நடராஜன் குழு, ஹட்டித் தங்கச் சுரங்கத்துக்காக உலை வரை சென்றது. அவ்வழி விரிய வேண்டும். மட்டாஞ்சேரியின் ஈரக்காற்றில் குளிர்விப்புக் கோபுரமே திணறும். ஏலூர் ஆலைப்பகுதிக்கு இத்தொழில்நுட்பம் வருமாயின், முதல் ஆய்வேடு வெப்பத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.