செம்முள்ளி இலையும் நம் ஆய்வேடுகளும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வறண்ட புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் மஞ்சள் பூவும் இலைக்கணுக்களில் ஊசி முள்ளுமாக நிற்கும் செடியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தமிழில் அது செம்முள்ளி. தெலுங்கில் முள்ள கோரிண்ட. வடமாநிலங்களில் வஜ்ரதந்தி, வைரம் போன்ற பல் என்று பொருள்படும் அந்தப் பெயரைப் பற்பசை விளம்பரங்கள் நாடெங்கும் கொண்டு சேர்த்தன. தாவரவியலாளருக்கு அது பார்லேரியா பிரியோனிடிஸ். பல்வலிக்கும் ஈறில் இரத்தம் கசிவதற்கும் இதன் இலையை உப்புடன் மென்று துப்புவது இப்பகுதிக் கிராமங்களில் இன்றும் காணக்கூடிய வழக்கம்.

முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் நானும் இச்செடியை எடுத்துக்கொண்டேன். எல்லாரும் செய்வதையே செய்தேன். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் கொண்டு பல மணி நேரம் சாறு இறக்கினேன். சாற்றை வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலைக்கு, அதாவது நாம் அனைவரும் ஜிசி-எம்எஸ் என்று அழைக்கும் கருவிக்கு, அனுப்பினேன். முப்பதுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் பட்டியல் வந்தது. பால்மிட்டிக் அமிலம், பைட்டால், ஸ்குவாலீன், ஸ்டிக்மாஸ்டெரால். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நுண்ணுயிர் எதிர்ப்பு', 'அழற்சி எதிர்ப்பு' என்று தரவுத்தளத்திலிருந்து எடுத்து எழுதினேன். கட்டுரை ஆயத்தமாகிவிட்டதாக நினைத்தேன்.

பிறகு, இலையைக் காட்டிக்கொடுத்த மூதாட்டியிடம் ஆய்வைப் பற்றிச் சொல்லப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, காயவெச்ச எலையா அது? காஞ்சுபோனத யாரு மெல்லுவா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது. நாட்டு மருந்துச் செடிகளைப் பற்றிய நம் வேதியியல் ஆய்வுகளில் பெரும்பகுதி, மக்கள் பயன்படுத்தும் பொருளை ஆராய்வதே இல்லை. நம் கருவிக்கு ஒத்துவரும் வேறொரு பொருளை ஆராய்ந்துவிட்டு, மக்களின் பெயரை அதற்குச் சூட்டுகிறது. இது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ எல்லா இலைகளிலும் உள்ள கொழுப்பமிலம். பைட்டால், பச்சையத்தின் வால்பகுதி பிரிந்து வருவது; பச்சை இலை எதுவானாலும் அது வரும். ஸ்டிக்மாஸ்டெரால் தாவர உயிரணுச் சவ்வின் பொதுவான கூறு. இவற்றைக் கண்டதாக எழுதுவது, ஒரு வீட்டில் செங்கலும் சுண்ணாம்பும் கண்டதாக எழுதுவதைப் போன்றது. அந்த வீட்டின் தனித்தன்மை அதில் இல்லை. இன்னொன்றையும் கூச்சமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். பல கட்டுரைகளில் தாவரச் சேர்மங்களாகப் பட்டியலிடப்படும் தாலேட்டுகள் நெகிழிக் குழாய்களிலிருந்தும் கரைப்பான் கலன்களிலிருந்தும் கசிந்து வந்தவையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. கரைப்பானை மட்டும் தனியே கருவியில் செலுத்திப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். அந்த வெற்றுச் சோதனையை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

ஜிசி-எம்எஸ் மோசமான கருவி அன்று. கிராம்பின் யூஜெனாலைப் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அரிது. ஆனால் செம்முள்ளியின் சிறப்பான சேர்மங்கள் ஆவியாகுபவை அல்ல. பார்லெரின், அசிட்டைல்பார்லெரின், ஷான்ஜிசைட் மெத்தில் எஸ்டர் முதலிய இரிடாய்டு கிளைக்கோசைடுகளும், பார்லெரினோசைடு போன்ற ஃபீனைல்எத்தனாய்டு கிளைக்கோசைடுகளும் இச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. சர்க்கரை மூலக்கூறு இணைந்த இவை நீரில் கரைபவை, உமிழ்நீரிலும் கரையக்கூடியவை. வேதி மாற்றம் எதுவும் செய்யாமல் ஜிசி-எம்எஸ் கருவியின் சூடான நுழைவாயிலில் செலுத்தினால் இவை ஆவியாவதற்கு முன்பே சிதைந்துபோகும். ஆகவே, ஈறுக்கு எட்டக்கூடிய பொருள்களையெல்லாம் விட்டுவிட்டு, எட்ட வாய்ப்பில்லாத கொழுப்புப் பொருள்களை நான் எண்ணி எழுதியிருந்தேன்.

இப்போது மூதாட்டியின் கேள்விக்கு வருகிறேன். பச்சை இலைக்கும் காய்ந்த இலைக்கும் என்ன வேறுபாடு? பச்சை இலையின் உயிரணுக்களில் கிளைக்கோசைடுகள் ஓரிடத்திலும் அவற்றைப் பிளக்கும் நொதிகள் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும். பல் அரைக்கும்போது இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை பிரிந்து, வினைத்திறன் மிகுந்த புதிய மூலக்கூறு உருவாகலாம். வேறு சில செடிகளின் இரிடாய்டுகளில் இவ்வாறு நிகழ்வது அறியப்பட்டதே. கொதிக்கும் மெத்தனாலோ நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடும். செம்முள்ளியை மெல்லும்போது இது நடக்கிறதா என்பதுதான் உண்மையான ஆய்வுக் கேள்வி. அதைக் கேட்டவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

இப்படி நடப்பது கற்பனை அன்று என்பதற்கு உகாய் மரம் சான்று. அரபு நாடுகளில் மிஸ்வாக் என்று வழங்கும் பல்குச்சி இம்மரத்தின் வேரிலும் கிளையிலும் இருந்து வருகிறது. தாவரவியல் பெயர் சால்வடோரா பெர்சிக்கா. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சாற்றைப் பயன்படுத்தாமல் குச்சியின் துண்டுகளையே எடுத்துக்கொண்டார்கள். நுண்ணுயிர் வளரும் தட்டில் சில துண்டுகளைப் பதித்தார்கள். சிலவற்றைத் தட்டின்மீது படாமல் மேலே தொங்கவிட்டார்கள். தொடாத துண்டுகளும் நுண்ணுயிர்களைத் தடுத்தன. ஆகவே செயற்படுபொருள் ஆவியாக வெளியேறுகிறது என்று ஊகித்துத் தேடி, அது பென்சைல் ஐசோதயோசயனேட் என்று 2011-இல் அறிவித்தார்கள். முழுமையான திசுவில் அந்தப் பொருள் குளுக்கோசினோலேட்டாக உறங்குகிறது; நசுக்கும்போது நொதி அதை விடுவிக்கிறது. வழக்கத்தின் வடிவத்தைச் சோதனைக்குள் கொண்டுவந்தமையால்தான் அந்த விடை கிடைத்தது. முறைப்படி உலர்த்திச் சூடாக்கிச் சாறெடுத்திருந்தால் அந்த ஆவி அவர்கள் கைக்குச் சிக்கியிருக்குமா என்பது ஐயமே.

நுண்ணுயிர்ச் சோதனையிலும் இதே கோளாறு உண்டு. வாய்நலம் பற்றிய ஆய்வு என்று தலைப்பிட்டுவிட்டு, ஆய்வகத்தில் எளிதில் வளரும் ஈ.கோலையையும் ஸ்டஃபைலோகாக்கஸையும் சோதிக்கிறோம். பற்சொத்தையோடு முதன்மையாகத் தொடர்புடையது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். ஈறுநோயோடு தொடர்புடைய போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் உயிர்வளி இல்லாத சூழலில் வளர்வது. அதற்குத் தனி வசதி வேண்டும். மேலும் இவை வாயில் தனித்தனியாக மிதப்பதில்லை. பல்லின்மீது படலமாக ஒட்டி வாழ்கின்றன. தட்டில் கொல்லும் செறிவு படலத்தைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. வட்டத்தட்டைச் சுற்றித் தோன்றும் தெளிந்த வளையத்தின் அளவும் ஆற்றலை மட்டும் காட்டுவதன்று. அந்தப் பொருள் அகாரில் எவ்வளவு எளிதில் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் மெதுவாகவே பரவும். ஒப்பீட்டுக்கு ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை வைப்பதைவிட, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு நீரை வைப்பதே நேர்மை. அதன் வலிமை, வாயின் பரப்புகளில் ஒட்டி நின்று மணிக்கணக்கில் செயல்படுவதில் இருக்கிறது. நம் இலைச்சாறு உமிழ்நீரில் எத்தனை நிமிடம் தங்கும் என்று நாம் கேட்டதுண்டா?

அடுத்தது, செடி எது என்ற கேள்வி. வட ஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்து 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் ஒரே செடிக்குத் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் கலந்து வழங்குகின்றன. தெலுங்கில் கோரிண்ட என்றால் மருதோன்றி. முன்னால் 'முள்ள' சேர்ந்தால் செம்முள்ளி. தமிழில் 'முள்ளி' என்று மட்டும் சொன்னால் நீர்முள்ளியும் வந்து நிற்கும். சகசரம் என்ற வடமொழிப் பெயரில் கேரளத்து மருத்துவர்கள் கருங்குறிஞ்சியைப் பயன்படுத்துகிறார்கள். பிற பகுதிகளில் அதே பெயருக்குச் செம்முள்ளி. பெயரை நம்பி நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி ஆய்வைத் தொடங்குபவர், எதை ஆராய்ந்தார் என்று இறுதிவரை அறியமாட்டார். இப்பகுதிக்கு இதில் நல்ல மரபு உண்டு. 1954-இல் தொடங்கிய திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை அடையாளம் கண்டதாகக் குறிப்பிடும் மருந்தியல் ஆய்வேடுகள் தமிழ்நாட்டிலும் உண்டு. மாதவ செட்டி, சிவாஜி, துளசி ராவ் ஆகியோரின் சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல் 2008-இல் வெளிவந்தது. அந்த மரபைச் சான்றிதழ்த் தாளாக மட்டும் சுருக்கிவிடாமல், உலர்தாவர மாதிரியையும் பறித்த இடத்தையும் பருவத்தையும் பதிவுசெய்வது நம் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலானது, அறிவு யாருடையது என்ற கேள்வி. திருப்பதியின் ஹெர்பல் ஃபோக்லோர் ஆய்வு மையம் 1997-இல் சித்தூர் மாவட்டப் பழங்குடி மருத்துவம் பற்றிய நூலொன்றை வெளியிட்டது. இப்பகுதியில் மூலிகை அறிவுக்குப் பெயர்பெற்ற யானாதி மக்கள், ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டபோது அங்கிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள். காட்டை இழந்தவர்களிடம் எஞ்சியிருப்பது காட்டைப் பற்றிய அறிவு. அதையும் 'உள்ளூர் மக்கள் தெரிவித்தனர்' என்ற ஒற்றை வரியில் வாங்கிக்கொண்டு போகிறோம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பலன்பகிர்வைப் பேசுகிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. செம்முள்ளியைப் போல மருத்துவ நூல்களிலும் மக்கள் வழக்கிலும் ஒருசேர வாழும் செடிகளுக்கு, மக்களின் பங்கு கண்ணில் படாமலே போகக்கூடும். சட்டம் கேட்காததை ஆய்வாளர் தாமாகச் செய்யலாம். அகத்தியமலைக் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சையைக் காட்டியபோது, திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியை அம்மக்களுக்கு ஒதுக்கினார்கள். 1990-களின் அந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. ஆயினும் பெயரும் பங்கும் தரவேண்டும் என்ற எண்ணம் ஆய்வகத்திலிருந்தே எழுந்தது.

இதற்கு மறுமொழி எனக்குத் தெரியும். 'திரவ நிறப்பிரிகைக் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை, கட்டுரை வெளியிட்டாக வேண்டும், காலம் இல்லை.' முதலாவது உண்மையான இடர்ப்பாடு. அதை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் பச்சை இலையை நீரில் அரைப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வெற்றுச் சோதனைக்குச் செலவு பெரிதன்று. இரண்டாவதைப் பொறுத்தவரை, பட்டம் பெறக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கிவிட்டது. துறைகளின் மனத்தில் அது இன்னும் நீங்கவில்லை என்பது வேறு செய்தி.

என்னை மரபின் வழக்குரைஞராக யாரும் கருத வேண்டாம். செம்முள்ளி பயனற்றது என்றுகூட முடிவு வரலாம். உப்பும், மெல்லும் உராய்வும், வாயில் ஊறும் உமிழ்நீருமே வேலை செய்கின்றன என்று தெரியவரலாம். ஃபுளோரைடு கலந்த பற்பசைக்கு மாற்றாக எந்த இலையையும் நான் பரிந்துரைக்கவில்லை. இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்று சொல்லவுமில்லை. மூதாட்டியின் வழக்கம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவர் செய்வதைச் செய்துபார்க்கும் சோதனைதான் அதைத் தவறு என்று சொல்லும் தகுதி பெறும். என் முதலாண்டுப் பட்டியலுக்கு, சரி என்று சொல்லவும் தகுதி இல்லை. தவறு என்று சொல்லவும் இல்லை.

ஆகவே புதிதாக இத்துறைக்கு வரும் மாணவர்களிடம் நான் கேட்பது இதுவே. களத்துக்குப் போகும்போது செடியின் பெயரோடு திரும்பாதீர்கள். எந்தப் பகுதி, பச்சையா காய்ந்ததா, எதனோடு கலந்து, எவ்வளவு நேரம், விழுங்குவதா துப்புவதா, எப்போது அதைத் தவிர்ப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே உங்கள் சோதனைத் திட்டத்தின் முதற்பக்கமாக இருக்கட்டும். முடிவு எதுவானாலும், அவர்களுக்குப் புரியும் தமிழிலோ தெலுங்கிலோ திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

என் கட்டுரையை நான் அனுப்பவில்லை. இவ்வாண்டு மழைக்குப் பின் இலை தளிர்த்ததும், பச்சையாகப் பறித்து, பறித்த இடத்திலேயே அரைத்து, மீண்டும் தொடங்குகிறேன்.