மீனுக்கு ஒரு குடம் தண்ணீர்

"ஞாயிறுதோறும் மீன் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். அப்படியும் தங்க மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கின்றன. குழந்தை அழுகிற அழுகையைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன குறை வைத்தேன்?" என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

குறை ஒன்றும் வைக்கவில்லை, அம்மா. சுத்தம்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது! சமையலறைக்கு வேண்டிய சுத்தம் வேறு. மீன் தொட்டிக்கு வேண்டிய சுத்தம் வேறு. நமக்கு உயிர் காக்கும் அதே குழாய்த் தண்ணீர், மீனுக்கு எமனாக வந்து சேருவது எப்படி என்று பார்ப்போம்.

தூத்துக்குடியில் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால், ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவை நினைக்காமல் இருக்க முடியாது. எதிரே கடல், பக்கத்தில் உப்பளம், கிணறு தோண்டினால் கரிப்பு என்று தவித்த ஊருக்கு, நகராட்சித் தலைவராக இருந்த அவர் பாடுபட்டு, 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த நதிதான் நகரத்தின் தாகத்தைத் தீர்க்கிறது.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே ஊருக்கு அனுப்ப முடியுமா? காலராவும் வாந்திபேதியும் கூடவே வந்துவிடுமே! ஆகையால் அதைத் தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் சேர்க்கிறார்கள். நீண்ட குழாயில் வரும் வழியில் கிருமி புகுந்தாலும் சாகவேண்டும் அல்லவா? அதற்காக, நம் வீட்டுக் குழாய் முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. குழாயைத் திறந்ததும் லேசாக வருகிற பிளீச்சிங் பவுடர் வாடை அதுதான். அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது நமக்குக் காவல்காரன்.

நாம் குடிக்கும் குளோரின் வயிற்றுக்குள் போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. மீன் சமாசாரம் வேறு. அது செவுளால் சுவாசிக்கிறது. ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய ஒரு தோல்தான் உண்டு. அந்தத் தோலைக் குளோரின் பொசுக்கிவிடுகிறது. தண்ணீர் மாற்றிய சற்று நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறதென்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

பரிகாரம் சுலபம், காசும் செலவில்லை. வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். குளோரின் காற்றோடு போய்விடும். தண்ணீருக்குள் காற்று ஊதும் சிறு கருவி இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஆனால் திறந்த வாளியைக் கண்டால் டெங்குக் கொசு முட்டையிட ஓடி வருமே! வாளியின் வாயில் மெல்லிய மல்துணியைக் கட்டிவிடுங்கள். வாயு வெளியேறும், கொசு உள்ளே புகாது. செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் மட்டும் வேண்டாம். செம்பு நமக்கு நல்லதென்று சொல்லுவார்கள். மீனுக்கு அது விஷம்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் படம் கழுவ உபயோகித்த 'ஹைப்போ' உப்பு, அதாவது சோடியம் தயோசல்பேட், குளோரினை உடனே முறித்துவிடும். 10 கிராம் ஹைப்போவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி விட்டால் சாதாரணக் குழாய்த் தண்ணீருக்குப் போதும். வண்ண மீன் கடையில் விற்கும் 'குளோரின் நீக்கி'யிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. புட்டியின் மேல் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

உங்கள் மகள் அமெரிக்காவில் குடித்தனம் செய்து, அங்கே மீன் வளர்க்கிறாளா? அவளுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள். அங்கே பல ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் 'குளோரமின்' ஆக்கி விடுகிறார்கள். அது வாளியில் ஒரு நாள் வைத்தாலும் போகாது. அதற்கென்றே விற்கும் மருந்தைத்தான் விடவேண்டும்.

"எங்கள் வீட்டில் வடிகட்டி இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். எந்த வடிகட்டி என்பதைப் பொறுத்தது. மணலும் பஞ்சும் கலங்கலை எடுக்கும், குளோரினை எடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டி குளோரினையும் வாடையையும் எடுக்கும், உப்பை எடுக்காது. கடலோர ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது குடிக்க உத்தமம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி.

உப்பை எடுப்பது ஆர்.ஓ. இயந்திரம். ஆனால் அது மீனுக்கு வேண்டிய சத்தையும் சேர்த்து எடுத்துவிடும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மீனை விடாதீர்கள். பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீரோடு கலந்து விடலாம். அதைவிடச் சிக்கனம், ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது. மோலியும் கப்பியும் சற்றே கடினமான, உப்புச் சேர்ந்த தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்மையான தண்ணீர் கேட்கும் செல்லப் பிள்ளைகள்.

இனி, ஞாயிற்றுக்கிழமைக் கழுவலுக்கு வருவோம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. தொட்டியின் கூழாங்கல்லிலும் வடிகட்டி ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை குடியேறி நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நாம் என்ன செய்கிறோம்? வாரத்துக்கு ஒரு தடவை கல்லைத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறோம்! மறுநாளிலிருந்து அம்மோனியா ஏறுகிறது, மீன் மிதக்கிறது.

முத்துக் குளித்த ஊருக்கு இது புதிய பாடமல்ல. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் பக்கத்து வேப்பலோடையில் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். 1981-இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தூத்துக்குடிப் பொரிப்பகத்திலேயே வளர்த்தார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு வடிகட்டிய கடல் நீர் வேண்டியிருந்தது. அதே நீரில் அவற்றுக்கு இரையாக நுண்பாசியும் கலக்கவேண்டியிருந்தது. வடிகட்டுவது என்றால் வேண்டாததை நீக்குவதே தவிர, எல்லாவற்றையும் துடைத்து எடுப்பதல்ல.

ஆகவே சகோதரி, இனி இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் ஆறவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள். சோப்பு, பாத்திரத் தூள் பக்கமே போகாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும். புதுத் தொட்டியென்றால், முதல் ஒரு மாதம் இரண்டொரு மீனுக்கு மேல் விடவேண்டாம்.

மழைக்காலத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தாமிரபரணி பெருகியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு கலங்கினால் கிருமிக்குப் பயந்து குளோரினைக் கூட்டுவது வழக்கம். அந்த நாட்களில் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போடுங்கள், தீனியைக் குறையுங்கள். மீன் ஓரிரு நாள் பட்டினி தாங்கும்; குளோரினைத் தாங்காது.

இன்னும் ஒன்று. எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். அதில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். துளசிக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள். தொட்டி முழுவதையும் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்த வீட்டில் இனி முக்கால் பங்கு மிச்சம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக ஏங்கி நின்ற ஊர் இது. மீன் பிழைப்பதோடு குடமும் மிஞ்சினால் யாருக்குத்தான் கசக்கும்?

குழந்தையிடம் சொல்லுங்கள்: அடுத்த தங்க மீனை ஒரு மாதம் கழித்து வாங்கலாம். அதுவரை தொட்டியில் இரண்டு கப்பிகள் நீந்தட்டும்.